தெற்கே திருப்பச் சொன்னார்கள்

ரப்பர் படகு ரேடாரில் ஒழுங்காகத் தெரியாது. அன்று அதைக் காட்டிக்கொடுத்தது, யாரோ தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்த செல்போன் வெளிச்சம். இரவு 12-4 காவல் முறை (வாட்ச்). நான் கப்பலின் செகண்ட் ஆபீசர். கோதுமை ஏற்றிக்கொண்டு, மத்தியதரைக் கடலில் மால்டாவுக்குத் தெற்கே மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். கடலைக் கண்காணிக்கும் லுக்அவுட் வேலையில் நின்ற பையன் "சார், அங்க ஏதோ மினுங்குது" என்றான். பைனாகுலரில் பார்த்தேன். மினுங்கியது ஒன்றல்ல, நாலைந்து. கேப்டனை எழுப்பினேன்.

காப்பாற்றலாமா வேண்டாமா என்ற பேச்சே அங்கு வரவில்லை. 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் 98-வது பிரிவும், கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கை ஐந்தாம் அத்தியாயத்தின் 33-வது விதியும் கேப்டன் பரீட்சைக்குப் படிக்கிற எல்லோருக்கும் மனப்பாடம். தன் கப்பலுக்குப் பெரிய ஆபத்து இல்லையென்றால் போய்த்தான் ஆக வேண்டும். போகவில்லையென்றால், ஏன் போகவில்லை என்று லாக்புக்கில் எழுத வேண்டும். ஆளை ஏற்றியதற்கு அப்புறம் என்ன என்பதைத்தான் யாரும் பரீட்சையில் சரியாகக் கேட்பதில்லை.

ஏற்றிய கதை நீளம், சுருக்கிவிடுகிறேன். கப்பலைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தி, படகுக்கு மறைவு கொடுத்து, முதலில் லைஃப் ஜாக்கெட்டுகளை இறக்கினோம். கயிறு விழுந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்தால் படகு கவிழும். அதனால் "உட்காருங்கள்" என்று கத்திக் கத்தியே எங்களுக்குத் தொண்டை போனது. லிபியாவிலிருந்து ஐரோப்பா நோக்கித் தப்பி வந்தவர்கள் அவர்கள். விடியும்போது தலை எண்ணினேன்: 58. அதில் 6 பெண்கள், 3 குழந்தைகள். எங்கள் ஆட்கள் 21 பேர். சமையல்காரர் அரிசி மூட்டைகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

காலை ஒன்பது மணிவாக்கில் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் ஒன்றிலிருந்து சாட்டிலைட் போன் வந்தது. எந்த மையம் என்பது இங்கே வேண்டாம். தெற்கே திரும்பி லிபியா பக்கம் போங்கள், அங்கிருந்து வரும் ரோந்துப் படகில் எல்லோரையும் ஒப்படையுங்கள் என்றார்கள். கேப்டன் நிதானமாக, "சரி. இதை மின்னஞ்சலில், உங்கள் பெயரும் பதவியும் போட்டு அனுப்புங்கள்" என்றார். எதிர்முனை கொஞ்சம் தயங்கி, பிறகு அழைக்கிறோம் என்று வைத்துவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்து அதே உத்தரவு, அதே வாய்மொழியில். மூன்றாவது முறையும் அப்படித்தான். எழுத்து மட்டும் வரவே இல்லை.

கேப்டன் என்னை இரண்டு வேலை செய்யச் சொன்னார். ஒன்று, ஒவ்வொரு அழைப்பையும் நேரத்தோடு லாக்புக்கில் எழுதுவது. இரண்டு, கப்பலின் பயணப் பதிவுப் பெட்டியான விடிஆரில் சேவ் பட்டனை அழுத்துவது. கப்பலை இயக்கும் பிரிட்ஜில் பேசுவதை அந்தப் பெட்டி பதிவுசெய்தாலும், பழையதை அழித்து அழித்துத்தான் புதியதை எழுதும். அழுத்த மறந்தால் பேச்சு போச்சு.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டேன். ஒரு ஃபைலைத் தூக்கிப் போட்டார். 2004-ல் கடல்சார் தேடல் மீட்பு விதிகளைத் திருத்தியபோது வந்த வழிகாட்டுதல் அது. மீட்பு முடிவது ஆள் கப்பலில் ஏறும்போது அல்ல, 'பாதுகாப்பான இடத்தில்' இறங்கும்போது. அந்த இடம் எப்படி இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது: உயிருக்கு அச்சுறுத்தல் இருக்கக் கூடாது, சாப்பாடு, தங்குமிடம், மருத்துவம் கிடைக்க வேண்டும். அடைக்கலம் கேட்பவரை, அவர் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் ஆபத்து உள்ள இடத்தில் இறக்குவதைத் தவிர்க்க வேண்டும் என்றும் ஒரு வரி உண்டு. ஏறியவர்களில் இரண்டு பேர் முதுகிலிருந்த தழும்புகளைக் காட்டியிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு அந்த வரியை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

கரைக்கு வந்த பிறகு நிறைய படித்தேன். ஊர் திரும்பியதும் 'திருப்பி அனுப்புவது சட்டப்படி சரியா' என்று கேட்டவர்களுக்கு என்னால் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடியாததற்கு அதுதான் காரணம். ஹிர்சி வழக்கில் 2012-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இத்தாலி 2009-ல் நடுக்கடலில் பிடித்தவர்களை லிபியாவில் விட்டது தவறு என்றது. அவர்கள் இத்தாலியக் கப்பலில், இத்தாலியின் பிடியில் இருந்தார்கள். ஆகவே நடுக்கடல் என்பது சாக்கு ஆகாது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 1993-ல் ஹைத்தி அகதிகள் வழக்கில் நேர் எதிராக, அகதியை ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிற அகதிகள் உடன்படிக்கையின் 33-வது பிரிவு நடுக்கடலுக்குப் பொருந்தாது என்றது. 2014-ல் புதுச்சேரியிலிருந்து கிளம்பிய 157 தமிழர்களை ஆஸ்திரேலியா ஏறக்குறைய ஒரு மாதம் கப்பலிலேயே வைத்திருந்தது நினைவிருக்கும். அடுத்த ஜனவரியில் அந்நாட்டின் உச்சபட்ச நீதிமன்றமான ஹைகோர்ட் 4-க்கு 3 என்று அரசின் பக்கம் நின்றது, உள்நாட்டுச் சட்டத்தை வைத்து. ஒரு நீதிபதி மாறியிருந்தால் தீர்ப்பே மாறியிருக்கும்.

இவையெல்லாம் அரசுகளைப் பற்றிய தீர்ப்புகள். எங்களைப் போன்ற சரக்குக் கப்பலுக்கு அதிகம் பொருந்துவது வேறொன்று. 2018-ல் 'அஸ்ஸோ 28' என்ற இத்தாலியக் கப்பல், காப்பாற்றிய 101 பேரைத் திரிபோலியில் கொண்டுபோய் விட்டது. 2021-ல் நேப்பிள்ஸ் நீதிமன்றம் அதன் கேப்டனுக்கு ஒரு வருடச் சிறைத்தண்டனை விதித்தது. 2024-ல் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. போனில் பேசியவரின் பெயரை எங்கள் கேப்டன் ஏன் கேட்டார் என்பது இதைப் படித்தபோதுதான் முழுசாகப் புரிந்தது.

இந்தக் கதையில் எனக்கு மறக்காதது ஒன்று. அன்று மாலை, அலைக்கு முகம் கொடுக்கக் கப்பலைக் கொஞ்சம் திருப்பினோம். ஐந்து நிமிடம்கூட இருக்காது. சரக்கறை மூடியான ஹேட்ச் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து சூரியனைப் பார்த்தார், கப்பலின் முகப்பைப் பார்த்தார், பிறகு பிரிட்ஜைப் பார்த்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். திசைமானி எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. நான் இறங்கிப் போய், தரையில் சாக்பீஸால் கப்பலும் அலையும் வரைந்து, வடக்கு எது என்று காட்டினேன். பழைய திசைக்குத் திரும்பிய பிறகுதான் உட்கார்ந்தார்கள். கேப்டன் மட்டும் அந்த உத்தரவுக்குத் தலையாட்டியிருந்தால் 21 பேரை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்திருப்போம் என்று இன்றும் யோசிப்பதுண்டு.

நான்கு நாள் காத்திருந்தோம். 2020-ல் மால்டாவுக்கு வெளியே 'மேர்ஸ்க் எட்டியன்' 27 பேருடன் 38 நாள் நின்றதை நினைத்தால் எங்களுடையது பெரிய காத்திருப்பே இல்லை. அதற்குள் கம்பெனிக்கும், கப்பல் பதிவான கொடி நாட்டுக்கும், கப்பல் உரிமையாளர்களின் காப்பீட்டுக் கிளப்புக்கும், ஐநா அகதிகள் அமைப்புக்கும் ஒரே விவரத்தைத்தான் திரும்பத் திரும்ப அனுப்பினோம்: எத்தனை பேர், உடல்நிலை என்ன, தண்ணீர் எத்தனை நாளுக்கு, யார் யார் திரும்பிப் போகப் பயப்படுகிறார்கள். இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், தம்பிகளே. அது கோப்பில் ஏறிவிட்டால், 'எங்களுக்குத் தெரியாது' என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

ஐந்தாம் நாள் இத்தாலியின் சிசிலியிலிருந்து ரோந்துக் கப்பல் வந்து ஏற்றிக்கொண்டது. அங்கிருந்த அதிகாரி ஒருவர் லாக்புக் நகலை வாங்கிப் புரட்டினார். மூன்று அழைப்புகள் பதிவான பக்கத்தில் நின்று, "எழுத்தில் வந்ததா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் அந்தப் பக்கத்தை மட்டும் இன்னொரு நகல் எடுத்துக்கொண்டார். ஒப்படைப்புத் தாளில் 58 என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். வாட்ச் மாற இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.