காணாமற்போனவனின் மனைவி: தக்கலை நாட்குறிப்பு

அக்டோபர் 3, வெள்ளி

ஞாயிறு மாலைப் பெண்கள் வகுப்பில் இனி பிக்ஹை, அதாவது மார்க்கச் சட்டத்தை, வேறு மாதிரி ஓதிக் கொடுப்பது என்று தீர்மானித்துவிட்டேன். இதுவரை நான் சட்டத்தைச் சொல்வேன், பிள்ளைகள் எழுதிக்கொள்ளும். இது ஃபர்ளு (கட்டாயக் கடமை), இது சுன்னத்து (நபிவழி), இது மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது). இனி ஒவ்வொரு சட்டத்தோடும் அதைச் சொன்னவர் யார், எந்த ஆதாரத்தில் சொன்னார், அவரை மறுத்த இமாம் என்ன சொன்னார் என்பதும் வரும்.

இப்ராஹீம் மூஸா மதரஸாக்களைப் பற்றி 2015-ல் எழுதிய நூல்தான் இந்த எண்ணத்தை உறுதியாக்கியது. தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். இளவயதில் இந்தியாவுக்கு வந்து தேவ்பந்து, லக்னோ நத்வா மதரஸாக்களில் ஓதியவர், பிறகு அமெரிக்காவில் நோட்டர் டேம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனவர். மதரஸா என்றாலே முகம் சுளிக்கிறவர்களுக்கு அவர் அழுத்தமாகப் பதில் சொல்கிறார். அதே கையோடு உள்ளே இருப்பவர்களிடமும் பேசுகிறார். 1748-ல் வஃபாத்தான (இறந்த) முல்லா நிஜாமுத்தீன் மதரஸாக்களுக்கு வகுத்த பாடத்திட்டத்தில் தர்க்கமும் தத்துவமும் கணிதமும் இருந்தன. கிதாபுகளுக்குள் (மார்க்க நூல்களுக்குள்) கிடக்கும் அந்த விவாதத் துடிப்பு வகுப்பறைக்கு வந்து சேரவில்லையே என்பது அவருடைய ஆதங்கம். எனக்கும் அதே ஆதங்கம்தான்.

அக்டோபர் 5, ஞாயிறு

முதல் வகுப்பு. ஷரீஅத்தின் நோக்கங்களில் தொடங்கினேன். மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள் என இமாம் கஸ்ஸாலி (வஃபாத் 1111) சொன்ன ஐந்து பாதுகாப்புகள். பிறகு அவற்றை விரித்து எழுதிய அந்தலூசியாவின் ஷாத்திபீ (வஃபாத் 1388). பிறகு 1946-ல் இந்த நோக்கங்களுக்காகவே தனி நூல் எழுதிய துனீசியாவின் இப்னு ஆஷூர்.

கல்லூரிப் பிள்ளைகள் வேகமாகக் குறிப்பெடுத்தார்கள். வீட்டு வேலையை முடித்து வந்த பெண்கள் பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியில் ஒரு பிள்ளை கேட்டாளே, அதுதான் இன்றைய பாடம்.

"ராத்தா, எங்க சொந்தத்துல ஒருத்தி இருக்கா. மாப்பிள்ளை கல்ஃபுக்குப் போய் ஆறு வருசமாச்சு. முதல் வருசம் பணம் வந்துது. பொறவு போனும் இல்ல, ஆளும் இல்ல. தலாக்கும் சொல்லல்ல. அவ இப்ப யாராக்கும்? பொண்டாட்டியா, கைம்பெண்ணா?"

வயதான மாமி ஒருவர் உடனே சொன்னார்: "மவுத்தான சேதி வராம எப்படி மக்களே இன்னொரு நிக்காஹ்? அவ இருக்கத்தான் வேணும். சட்டம் அதாக்கும்."

மாமி சொன்னதில் பிழை இல்லை. கிதாபில் அப்படியும் இருக்கிறது. ஆனால் அதோடு பேச்சு நின்றுவிடக் கூடாது. அடுத்த வகுப்பு முழுக்க இதுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

இரவெல்லாம் கிதாபுகளோடு இருந்தேன். காணாமற்போனவனுக்கு பிக்ஹில் மஃப்கூத் என்று பெயர். அவனைப் பற்றித் தனிப் பாடமே உண்டு. கப்பலும் ஒட்டகமும் ஏறிப் போன காலத்தில் திரும்பி வராதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

மத்ஹபு என்பது ஓர் இமாமின் வழிவந்த சட்டப் பள்ளி. ஹனஃபீ மத்ஹபின் பழைய தீர்ப்பு, அவனுடைய வயதொத்தவர்கள் எல்லாம் இறந்துபோகும் காலம்வரை அவள் காத்திருக்க வேண்டும் என்பது. அதற்கு எல்லை வைத்தவர்களில் சிலர், அவன் பிறந்து 90 ஆண்டு ஆகட்டும் என்றார்கள். கேட்கக் கொடுமையாக இருக்கிறது. காரணத்தைப் பார்த்தால் அவர்கள் கல்நெஞ்சர்கள் இல்லை என்று தெரிகிறது. உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சந்தேகத்தால் நீக்க முடியாது என்பது அவர்களுடைய அடிப்படை. அவன் உயிரோடு போனது உறுதி, செத்தது சந்தேகம். இதே காரணத்தால்தான் அவன் சொத்தையும் வாரிசுகள் பங்கிட்டுக்கொள்ள முடியாது. ஊரில் இல்லாத மனிதனின் உரிமையையும் சட்டம் காவல் காக்கிறது.

மாலிகீ மத்ஹபு வேறு முனையிலிருந்து பார்க்கிறது. உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு இமாம் மாலிக்கின் முவத்தா என்ற நூலில் இருக்கிறது: அவள் நான்கு ஆண்டு காத்திருப்பாள், பிறகு கணவனை இழந்தவளைப் போல நான்கு மாதம் பத்து நாள் இத்தா (காத்திருப்பு) இருப்பாள், பிறகு அவள் மறுமணம் செய்யலாம். இங்கே சட்டத்தின் கண் வீட்டில் இருப்பவள் படும் துன்பத்தின் மேல் இருக்கிறது.

நாங்கள் பின்பற்றும் இமாம் ஷாஃபிஈயிடம் இரண்டுமே இருக்கின்றன. இராக்கில் இருந்தபோது நான்கு ஆண்டு என்றார். எகிப்துக்குப் போன பிறகு, மரணம் உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டும் என்றார். ஒரே இமாம், இரண்டு ஊர், இரண்டு தீர்ப்பு. இரண்டையும் மாணவர்கள் பாதுகாத்து நமக்குத் தந்திருக்கிறார்கள். கருத்து மாறியதை மறைக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

இன்னொரு கதவும் இருக்கிறது. செலவுக்குக் கொடுக்க வழியற்றுப்போன கணவனோடு உள்ள நிக்காஹை முறிக்க, அதாவது ஃபஸ்கு செய்ய, ஷாஃபிஈ மத்ஹபில் மனைவிக்கு உரிமை உண்டு. பழைய ஹனஃபீ தீர்ப்பில் அது கிடையாது.

ஃபத்ஹுல் முஈன் என்ற ஷாஃபிஈ சட்ட நூலைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமிதம் வரும். அதை எழுதிய ஸைனுத்தீன் மக்தூம் 16-ஆம் நூற்றாண்டில் கேரளக் கடற்கரையின் பொன்னானியில் வாழ்ந்தவர். இங்கிருந்து ஓர் இரவு ரயில் பயணத் தூரம்தான். மஹ்மூத் கூரியா என்ற கேரள ஆய்வாளர் 2022-ல் வெளியிட்ட நூலில் இந்த ஷாஃபிஈ கிதாபுகளின் பயணத்தைத் தொடர்ந்து போகிறார். டமாஸ்கஸில் நவவீ எழுதியதற்கு மக்காவில் இப்னு ஹஜர் விளக்கம் எழுதுகிறார். பொன்னானியில் ஃபத்ஹுல் முஈன் பிறக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அது மக்காவுக்குப் போய், அங்கே அதற்கு இஆனத்துத் தாலிபீன் என்ற பெரிய விளக்கவுரை வருகிறது. ஜாவாவிலிருந்து போய் மக்காவில் குடியிருந்த ஆலிமும் ஒரு விளக்கம் எழுதுகிறார். அரபு நாட்டில் எல்லாம் எழுதி முடிந்து இங்கே இறக்குமதி ஆனது என்ற நினைப்பை இந்த ஒரு நூலே உடைத்துவிடும். சட்டம் பேசியவர்களில் இந்தக் கடற்கரைக்காரர்களும் இருந்தார்கள்.

அக்டோபர் 12, ஞாயிறு

மூன்று நிலைகளையும் காரணங்களோடு சொன்னேன். வகுப்பு இப்படிச் சூடுபிடித்து நான் பார்த்ததில்லை. ஹனஃபீ காரணத்துக்காக மாமியே வாதாடினார்: "அவன் ஜெயில்ல கெடந்து திரும்பி வந்தா? வீட்டுல வேற ஒருத்தன் இருந்தா அவனுக்கு எப்படி இருக்கும்?" நியாயமான கேள்வி. சவூதியில் நர்ஸ் வேலை பார்த்துத் திரும்பிய பெண் அதற்குச் சொன்ன பதிலும் நியாயமானது: "அந்தக் காலத்துல தேட வழியில்ல. இப்ப பாஸ்போர்ட் இருக்கு, தூதரகம் இருக்கு, கம்பெனி இருக்கு. தேடிப் பாத்தும் கிடைக்கல்லன்னா அதுக்கு வேற அர்த்தமாக்கும்."

அவள் ஒரு கிதாபும் ஓதாதவள். ஆனால் அவள் செய்தது பிக்ஹு. காத்திருப்பின் காலம் செய்தி வந்துசேரும் வேகத்தைப் பொறுத்தது என்று காரணத்தைப் பிடித்துவிட்டாள்.

அக்டோபர் 15, புதன்

பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்திடம் போய் வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். பொது ஜனங்களிடம் கருத்து வேறுபாடுகளைக் கொட்டினால், ஆளுக்கொரு மத்ஹபில் வசதியானதைப் பொறுக்கிக்கொள்வார்கள் என்று கவலைப்பட்டார். அந்தக் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆலிம்கள் நூற்றாண்டுகளாக எச்சரித்த விஷயம் அது.

நான் சொன்னது இதுதான்: "ஹஜ்ரத், வேறுபாடு இருக்கென்று தெரியாத பெண் தனக்கு வழியே இல்லை என்று நினைக்கிறாள். அப்படி நினைத்தவள் மார்க்கத்தின் மேலேயே மனம் கசந்து போகிறாள்." சற்று நேரம் யோசித்துவிட்டு, அஷ்ரஃப் அலீ தானவீ என்ற ஆலிமின் ஹீலத்துன் நாஜிஸா நூலைப் படித்துப் பார்க்கும்படி சொன்னார். நான் கேட்க நினைத்த பெயரை அவரே சொன்னதில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

அக்டோபர் 19, ஞாயிறு

இன்று தானவீயின் கதையைச் சொன்னேன். மழைக்குப் பயந்து பாதிப் பேர் வரவில்லை. வராதவர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பிரிட்டிஷ் காலத்தில் வட இந்தியாவில் ஹனஃபீ சட்டப்படி மனைவி தானாக நிக்காஹிலிருந்து விடுபட வழி மிகக் குறைவு. கணவன் காணாமற்போனாலும், சோறு போடாவிட்டாலும், கொடுமை செய்தாலும் அவள் கட்டுண்டவள்தான். மதம் மாறினால் நிக்காஹ் முறியும் என்ற விதி மட்டும் இருந்தது. பஞ்சாபில் சில பெண்கள் வேறு வழியின்றி அதைச் செய்தார்கள். கவிஞர் இக்பால் 1930-ல் வெளிவந்த தம் சொற்பொழிவுத் தொகுப்பில் இதைக் குறிப்பிட்டு வேதனைப்படுகிறார். அந்த இடத்தில் அவர் ஷாத்திபீயின் ஐந்து பாதுகாப்புகளை எடுத்துக்காட்டுகிறார். மார்க்கத்தைப் பாதுகாக்க வந்த சட்டம் ஒரு பெண்ணை மார்க்கத்தை விட்டே துரத்தினால் என்ன செய்வது என்பது அவர் கேள்வி.

தானவீ நவீனக் கல்வி கற்றவர் இல்லை. தேவ்பந்தின் பழுத்த ஹனஃபீ ஆலிம், தக்லீதை, அதாவது தம் மத்ஹபைப் பின்பற்றுவதை, விடாதவர். அவரே மதீனாவின் மாலிகீ முஃப்திகளுக்குக் கேள்விகள் அனுப்பி, பதில் வாங்கி, காணாமற்போனவன் முதலிய விஷயங்களில் மாலிகீ தீர்ப்பை ஹனஃபீகள் எடுத்துக்கொள்ளலாம் என்று 1930-களின் தொடக்கத்தில் நூல் எழுதினார். அதை ஒட்டி முஹம்மது அஹ்மது காஸிமி என்ற உறுப்பினர் மத்திய சட்டசபையில் மசோதா கொண்டுவர, 1939-ல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் பிறந்தது. கணவன் இருக்குமிடம் 4 ஆண்டு தெரியாவிட்டால் மனைவி நீதிமன்றம் போகலாம். 2 ஆண்டு செலவுக்குக் கொடுக்காவிட்டாலும் போகலாம். மனைவி மதம் மாறியதாலேயே நிக்காஹ் தானாக முறிந்துவிடாது என்றும் அது சொன்னது. அந்த 4 ஆண்டு உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பிலிருந்து வந்தது.

காலித் மசூத், காஸிம் ஸமான் என்ற ஆய்வாளர்கள் இந்த நிகழ்வை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். மரபு ஆலிம்கள் என்றால் மாறாதவர்கள் என்ற எண்ணத்துக்கு ஸமானின் எழுத்து நல்ல மருந்து. இஜ்திஹாதின், அதாவது ஆதாரங்களிலிருந்து புதிதாகச் சட்டம் ஆய்ந்தெடுப்பதன், கதவு அடைபட்டுவிட்டது என்று மேற்கத்திய அறிஞர்கள் அடித்துச் சொன்னதை 1984-லேயே வாஇல் ஹல்லாக் என்ற அறிஞர் மறுத்துக் கட்டுரை எழுதினார். தானவீ செய்ததைப் படிக்கும்போது ஹல்லாக் சொன்னது எத்தனை சரி என்று புரிகிறது.

அக்டோபர் 24, வெள்ளி

ஹல்லாக்கை இன்றும் நினைத்துக்கொண்டேன். 2013-ல் அவர் எழுதிய நூலில், நவீன அரசும் ஷரீஅத்தும் ஒன்றோடொன்று பொருந்தாது என்கிறார். அறநெறியில் ஊறிய ஆலிம்களின் விவாதமாக வளர்ந்த ஒன்றை அரசு எடுத்துப் பிரிவு, உட்பிரிவு என்று அச்சடித்துவிட்டால், அது வேறொன்றாகிவிடும் என்பது அவர் வாதம். உண்மை. 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உமரின் பெயரும் இல்லை, மாலிக்கின் பெயரும் இல்லை, மறுத்தவர்களின் காரணமும் இல்லை. தீர்ப்பளிக்கும் நீதிபதி முஸ்லிமாக இருக்க வேண்டும் என்று ஆலிம்கள் கேட்டதும் அதில் இடம்பெறவில்லை.

ஆனாலும் ஆறு வருடமாகத் தனியே பிள்ளை வளர்க்கிற ஒருத்தியை வைத்துப் பார்க்கும்போது ஹல்லாக்கோடு முழுக்க என்னால் போக முடியவில்லை. அவளுக்கு இன்று கைக்கு எட்டுவது அந்தச் சட்டப் பிரிவுதான். சட்டத்தில் விட்டுப்போன காரணத்தை வகுப்பறையில் சொல்ல வேண்டியது என் போன்றவர்களின் கடமை.

நவம்பர் 1, சனி

1956-ல் இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள். பள்ளிக்கூடம் விடுமுறை. 1939-ல் நாம் திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜைகள். பிரிட்டிஷ் இந்தியாவின் மத்திய சட்டசபை போட்ட சட்டம் அன்று நமக்கானதல்ல. அந்தத் திருவிதாங்கூரில்தான் வக்கம் மௌலவி (1873–1932) எகிப்தின் அல்மனார் இதழை வாசித்து, முஸ்லிம் பிள்ளைகளின் படிப்புக்காக எழுதிக்கொண்டே இருந்தார். கீழக்கரையில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) சாதாரண மக்களுக்காக அரபுத் தமிழில் (அரபு எழுத்தில் எழுதும் தமிழில்) பிக்ஹு எழுதினார். இந்தத் தக்கலையில் பீர் முகம்மது அப்பா மெய்ஞ்ஞானத்தையே தமிழில் பாடினார். ரஜப் மாதத்தில் இரவெல்லாம் அவருடைய ஞானப்புகழ்ச்சி ஓதுகிறோம். ஞானத்தைத் தமிழில் கேட்டுப் பழகிய ஊருக்குச் சட்டத்தின் காரணத்தைத் தமிழில் கேட்க மட்டும் தகுதியில்லையா என்ன?

நவம்பர் 9, ஞாயிறு

அந்தப் பெண்ணே இன்று வந்திருந்தாள். கூட்டத்தில் பேச விரும்பவில்லை. வகுப்பு முடிந்து மஃரிபுக்குப் பிறகு, ஹஜ்ரத்தின் மனைவியும் நானும் அவளோடு உட்கார்ந்தோம். "தலாக் கேட்டா பாவம்னு உம்மா சொல்லுதா" என்று அழுதாள். அவள் கேட்பது தலாக் அல்ல, உமர் (ரலி) அவர்கள் கொடுத்த தீர்ப்பு என்று சொன்னபோது நிமிர்ந்து பார்த்தாள்.

வழக்கறிஞரிடம் விசாரித்ததையும் சொன்னேன். மனுவில் கணவனின் வாரிசுகள் பெயரைக் கொடுத்து அவர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அவனுடைய வாப்பாவின் சகோதரரும் அவனுடைய சகோதரரும் இருந்தால், வாரிசாக இல்லாவிட்டாலும் அவர்களையும் சேர்க்க வேண்டும். இருக்குமிடம் தெரியவில்லை என்ற காரணத்தில் தீர்ப்பு வந்தால் ஆறு மாதம் கழித்தே அது நடைமுறைக்கு வரும். அதற்குள் அவன் திரும்பி வந்து, குடும்பம் நடத்தத் தயார் என்று நீதிமன்றத்துக்கு உறுதிப்படுத்தினால் தீர்ப்பு ரத்தாகும். மாமி அன்று கேட்ட கேள்விக்குச் சட்டத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள்.

நிக்காஹ் பதிவுப் புத்தகத்தின் நகலை ஜமாஅத்திலிருந்து வாங்கித் தருவதாக ஹஜ்ரத் சொல்லியிருக்கிறார். பழைய விசா நகல், கடைசியாக வந்த பணத்தின் ரசீது இரண்டையும் அவள் தேடி எடுக்க வேண்டும். அடுத்த வாரம் மனைவியின் செலவு உரிமை பற்றிய பாடம். மாமி ஹனஃபீ பக்கத்தைத் தானே எடுத்துப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.