இரவு வார்டில் ஒரு உப்பு மூட்டை

நுரையீரல் வார்டில் நைட் டியூட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே பலர் படுத்துத் தூங்குவதில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். கண் அசரும்போது இருமல் எழுப்பிவிடும். சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில், நான்சாங் நகரில் எம்பிபிஎஸ் படித்து அங்கேயே பயிற்சி மருத்துவராக இருந்த குளிர்காலத்தில் இதை அருகிலிருந்து பார்த்தேன். 2018-ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, சீனாவில் சிஓபிடி எனும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் ஏறத்தாழ 10 கோடிப் பேர் என்று கணக்கிட்டது. சிகரெட்டும், வீட்டுக்குள் எரிக்கும் விறகு, நிலக்கரியின் புகையும் முக்கியக் காரணங்கள்.

இந்த நோயில் உள்ளே போன காற்று முழுதாக வெளியேறாமல் நுரையீரல் உப்பி நிற்கிறது. அதற்கடியில் மூச்சிழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானம் தட்டையாகி வலுவிழக்கிறது. பகலில் கழுத்துத் தசைகளும் விலாத் தசைகளும் அந்தக் குறையை ஈடுகட்டும். கனவு காணும் உறக்கத்தில் அவையும் தளர்ந்துவிடுவதால், அந்த நேரம் பார்த்து ஆக்சிஜன் இறங்கும். போதாக்குறைக்கு, மூச்சுக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டும் தியோஃபிலினும்கூடத் தூக்கத்தைக் கெடுக்கும். "ஒரு தூக்க மாத்திரை போடக்கூடாதா டாக்டர்?" என்று உறவினர்கள் கேட்காத இரவு இல்லை. கரியமில வாயு ஏற்கெனவே ரத்தத்தில் தேங்கியிருப்பவருக்குச் சில தூக்க மாத்திரைகள் மூச்சையே மந்தமாக்கிவிடும். அதனால் கை வராது.

இந்த இடத்தில்தான் அங்கே சீன மரபு மருத்துவப் பிரிவை அழைப்பார்கள். அவர்களுடைய சூட்டு சிகிச்சையில் முதன்மையானது ஐஜியு. நம் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் இலையை உலர்த்தி, இடித்து, பஞ்சுபோல் ஆக்கிக் குச்சியாகச் சுருட்டிப் பற்றவைத்து, தோலுக்குச் சில சென்டிமீட்டர் மேலே பிடிப்பார்கள். தூக்கத்துக்கு உள்ளங்கால், முழங்காலுக்குக் கீழே, மணிக்கட்டு. நுரையீரலுக்கு முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே. நான்சாங்கைச் சேர்ந்த சென் ரிசின் இதிலேயே 'வெப்ப உணர்வு' முறையை வளர்த்தெடுத்தவர். எல்லோருக்கும் ஒரே புள்ளி என்று வைக்காமல், எங்கே சூடு காட்டினால் அது உள்ளே இறங்குவதாகவோ வேறிடத்துக்குப் பரவுவதாகவோ நோயாளி உணர்கிறாரோ, அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பது அதன் அடிப்படை. நோயாளியிடம் கேட்டுக் கேட்டுச் செய்யும் அந்தப் பொறுமைமேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

ஆனால் புகை? புகையால் நுரையீரல் கெட்டுப்போய் வந்தவர் பக்கத்தில் இன்னொரு புகையை மூட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை, இன்றும் முடியாது. அதைவிட நேரடி ஆபத்து ஆக்சிஜன். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருக்கும் படுக்கையருகே தீப்பொறி வரவே கூடாது. எங்கள் வார்டில் அந்த விதியில் விட்டுக்கொடுப்பே கிடையாது. ஐஜியு வேண்டுமென்றால் புகைபோக்கி வைத்த தனி அறை, அதுவும் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு மட்டும்.

வார்டுக்குள் வந்தது உப்பு மூட்டை. கல்லுப்போடு வூஜூயூ என்ற காரமான உலர்காயைக் கலந்து துணிப்பையில் கட்டி, மைக்ரோவேவில் சூடாக்குவார்கள். மூத்த செவிலியர் ஒருவர் அதை முதலில் தன் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்ப்பார். கொதி சூடாக இருக்கும்வரை பையை ஓரிடத்தில் நிறுத்தமாட்டார், முதுகில் வேகமாக ஓட்டிக்கொண்டே இருப்பார். சூடு தணியத் தணியக் கை மெதுவாகும், பிறகு துண்டு சுற்றி உள்ளங்காலில் வைப்பார். இடையிடையே துணியைத் தூக்கித் தோலின் நிறத்தைப் பார்ப்பார். "சர்க்கரை உள்ள தாத்தாவுக்குச் சுட்டாலும் தெரியாது, நாம்தான் பார்க்கணும்" என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். மிதமான சூடுகூட நெடுநேரம் ஒரே இடத்தில் இருந்தால் தோல் வெந்துவிடும் என்பதால் பையை வைத்துவிட்டு அவர் எழுந்துபோனதே இல்லை.

முன்னாள் நிலக்கரித் தொழிலாளி ஒருவர் பையை எடுத்த பிறகும் கால்களை நகர்த்தாமல் அப்படியே தூங்கிப்போவார். நள்ளிரவு ரவுண்டில் அவரை எழுப்பாமல் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டப் பழகிக்கொண்டேன்.

இந்தச் சூடு வேலை செய்வதற்குச் சக்தி ஓட்டம் என்று மரபு மருத்துவர்கள் ஒரு விளக்கம் சொல்வார்கள். எனக்கு உடலியலே போதுமானதாகப் படுகிறது. கைகால்கள் சூடாகி அங்கே ரத்தக்குழாய்கள் விரிந்தால் உடலின் உள்வெப்பம் வெளியேறும். அப்போது உறக்கம் சீக்கிரம் வரும். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஆய்வாளர்கள் 1999-ல் 'நேச்சர்' இதழில் ஆரோக்கியமானவர்களிடம் காட்டியது இதைத்தான். நான்சாங் குளிரையும் சேர்த்துப் பாருங்கள். ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே உள்ள நகரங்களைப் போலப் பொது வெப்பக்குழாய் வசதி தெற்கே இல்லை, ஈரக்காற்று எலும்புவரை இறங்கும். ஜில்லிட்ட காலோடு யாருக்குத் தூக்கம் வரும்?

இந்தச் சூட்டு சிகிச்சை பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் என் மனக்குறை ஒன்றுதான். பெரும்பாலும் கேள்வித்தாள் மதிப்பெண்ணை வைத்து முடித்துவிடுகிறார்கள். பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவீட்டில் (மதிப்பெண் ஏற ஏறத் தூக்கம் மோசம்) 21-க்கு எத்தனை, முன்பைவிடக் குறைந்ததா என்பதோடு சரி. சூடு வைத்தார்களா இல்லையா என்பது நோயாளிக்குத் தெரிந்தேதான் இருக்கும், ஆகவே அந்தப் பதிலில் நம்பிக்கையும் கலந்திருக்கும். நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னவரின் ஆக்சிஜன் அளவு விடியற்காலையில் எங்கே இருந்தது என்பதே நுரையீரல் வார்டில் எனக்கு வேண்டிய பதில். இரவு முழுக்கப் பதிவாகும் ஆக்சிமீட்டர் கணக்கையும், முடிந்தால் கரியமில வாயு அளவையும் சேர்த்து வெளியிடட்டும். அதுவரை இன்ஹேலரையும் ஆக்சிஜனையும் குறைக்காமல், நெருப்பில்லாத, புகையில்லாத சூட்டை மட்டும் என் நோயாளிகளுக்கு அனுமதிப்பேன், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொள்வதாக இருந்தால்.