மாண்ட்கமரி: 381 நாள் புறக்கணிப்பில் ஓடிய கார்களின் கணக்கு

ரோசா பார்க்ஸ் எழுந்திருக்க மறுத்தார், மார்ட்டின் லூதர் கிங் பேசினார், சட்டம் மாறியது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகரில் கறுப்பர்கள் நடத்திய பஸ் புறக்கணிப்பைப் பெரும்பாலும் இந்த மூன்று வரியில் முடித்துவிடுகிறோம். தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்த பல்லாயிரம் பேர் ஒரு வருஷத்துக்கு மேல் எதில் போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. போராட்டம் நிலைத்து நின்றது அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலில்தான்.

முதலில் பஸ்ஸைப் பார்த்துவிடுவோம். இருக்கைகள் 36. முன்னால் 10 வெள்ளையருக்கு. பஸ்ஸே காலியாக ஓடினாலும் கறுப்பர் அதில் உட்காரக் கூடாது. பின்னால் 10 கறுப்பருக்கு. நடுவில் உள்ள 16 ஓட்டுநரின் இஷ்டம். கறுப்பர் முன்வாசலில் ஏறிக் காசு போட்டுவிட்டு, கீழே இறங்கிப் பின்வாசலுக்குப் போய் ஏற வேண்டும். அதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடும் ஓட்டுநர்களும் இருந்தார்கள். 1955 டிசம்பர் 1 அன்று பார்க்ஸ் உட்கார்ந்திருந்தது நடுப்பகுதியின் முதல் வரிசையில். நின்றுகொண்டிருந்தவர் ஒரே ஒரு வெள்ளையர். ஆனாலும் அந்த வரிசையில் இருந்த நாலு பேருமே எழுந்தாக வேண்டும், ஏனென்றால் ஒரே வரிசையில் இரு நிறத்தவரும் உட்காரக் கூடாது. மூன்று பேர் எழுந்தார்கள். பார்க்ஸ் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார், கைதானார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேறு இருக்கை காலியாக இல்லாதபோது பயணியை எழுப்பக் கூடாது என்றுதான் நகரச் சட்டம் சொன்னது. அதனால் விசாரணை நாளில் அரசுத் தரப்பு நகரச் சட்டத்தை விட்டுவிட்டு மாநிலச் சட்டத்துக்குத் தாவியது. அபராதம் 10 டாலர், நீதிமன்றச் செலவு 4 டாலர்.

பார்க்ஸ் கைதான அன்று இரவே, அலபாமா மாநிலக் கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் வேலையைத் தொடங்கிவிட்டார். பஸ்ஸைப் புறக்கணிக்கச் சொல்லும் ஒரே வாசகத்தை ஒரு தாளில் மூன்று முறை அடித்து, மூன்றாக வெட்டினால் காகிதமும் நேரமும் மிச்சம். விடிவதற்குள் பல்லாயிரம் துண்டுப் பிரசுரம் தயார். இது ஓரிரவில் தோன்றிய யோசனை இல்லை. அவர் இருந்த பெண்கள் அரசியல் மன்றம், பஸ்களைப் புறக்கணிக்க நேரிடலாம் என்று மேயருக்கு 1954 மே மாதமே எழுதியிருந்தது.

டிசம்பர் 5, திங்கட்கிழமை, பஸ்கள் காலியாக ஓடின. பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பர் என்பதால் கம்பெனிக்கு அடி பலமாக விழுந்தது. முதல் சில நாள் கறுப்பர்களின் டாக்சிகள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆள் ஏற்றின. நகர நிர்வாகம் பழைய விதி ஒன்றைத் தூசி தட்டி எடுத்தது: டாக்சியின் குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட். அத்தோடு அந்த வழி அடைபட்டது.

அப்போது போராட்டத்துக்குத் தலைமை ஏற்ற கிங் தொடர்புகொண்டது, 1953இல் லூசியானா மாநிலத்து பேட்டன் ரூஜ் நகரில் பஸ் புறக்கணிப்பு நடத்திய டி.ஜே. ஜெமிசனை. சொந்தக் கார் வைத்திருப்பவர்களை வைத்து வண்டி ஓட்டும் முறையைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். கார்கள் சுமார் 300 சேர்ந்தன. காலையில் வேலைக்குக் கிளம்புவோர் கூடும் இடங்கள் 48. சாயங்காலம் திரும்புவோரை ஏற்றிக்கொள்ளும் இடங்கள் 42. இரண்டும் ஒரே இடமாக இருக்க முடியாது. காலையில் கூட்டம் கறுப்பர் குடியிருப்புகளில் இருக்கும், மாலையில் அவர்கள் சமையலுக்கும் துணி துவைக்கவும் போன வெள்ளையர் தெருக்களில் சிதறிக் கிடக்கும். எந்தத் தெரு எங்கே போய் முட்டும் என்று தெரிந்த தபால்காரர்கள் வழித்தடம் வகுக்க உதவினார்கள். வண்டி அனுப்பும் வேலையைச் சில காலம் பார்க்ஸும் பார்த்தார்.

தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்க முடியாது. வாங்கினால் உரிமமில்லாத டாக்சி என்று வழக்கு வரும். ஆகவே பணமெல்லாம் நன்கொடையாகத்தான் வரவேண்டும். பெட்ரோல், ரிப்பேர், சம்பளம் என்று மாதம் சுமார் 5,000 டாலர் தேவைப்பட்டது. வாராவாரம் தேவாலயக் கூட்டங்களில் தட்டு ஏந்தினார்கள். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி பெண்களைச் சேர்த்து, கேக்கும் கோழி வறுவலும் விற்றுப் பணம் கொடுத்தார். யார் வீட்டில் சமைத்தது, யார் கொடுத்த காசு என்று கேட்டால் எங்கிருந்தும் இல்லை என்பதுதான் பதில். அந்தக் குழுவின் பெயரே அதுதான். காட்டிக்கொடுக்கப் பெயர் இல்லாவிட்டால் வேலையை விட்டுத் தூக்கவும் முடியாதே!

நகரம் குறிவைத்ததும் இந்த வண்டிகளைத்தான். போலீஸ் சின்னச் சின்னக் காரணத்துக்கெல்லாம் ஓட்டுநர்களைப் பிடித்தது. 25 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாத இடத்தில் 30இல் போனதாகக் கிங்கையே 1956 ஜனவரி 26 அன்று சிறையில் வைத்தார்கள். வண்டி பிடிக்க நின்றவர்களை, வீணாக நிற்பதாகச் சொல்லி மிரட்டினார்கள். பிறகு காப்பீடு. தேவாலயங்களின் பெயரில் வாங்கிய ஸ்டேஷன் வேகன்களுக்குக் கொடுத்த பாலிசிகள் ரத்தாகின. காப்பீடு இல்லாத வண்டி ரோட்டில் ஓட முடியாது. கடைசியில் அட்லாண்டா முகவர் ஒருவர் வழியாக, கடல் தாண்டி லண்டன் லாயிட்ஸில்தான் பாலிசி கிடைத்தது.

வழக்கறிஞர் பிரெட் கிரே ஒரு முடிவெடுத்தார், என் கணக்கில் மிகச் சரியான முடிவு. பார்க்ஸின் மேல்முறையீடு மாநில நீதிமன்றங்களில் வருஷக்கணக்கில் தூங்கக்கூடும். அதை நம்பாமல் பிப்ரவரி 1 அன்று நாலைந்து பெண்களின் பெயரில் நேராகக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே இதே போல் கைதான 15 வயது கிளாடெட் கால்வின் அவர்களில் ஒருவர். ஜூன் 5 அன்று மூன்று நீதிபதிகளில் இருவர் பஸ்ஸில் நிறப் பிரிவினை செல்லாது என்றார்கள். நகரம் மேல்முறையீட்டுக்குப் போனது. அத்தனை மாதமும் ஜனங்களைப் பஸ் பக்கம் திரும்பவிடாமல் தாங்கியவை அந்த 300 கார்கள்.

நவம்பர் 13 அன்று கார் ஏற்பாட்டுக்கு உள்ளூர் நீதிமன்றம் தடை போட்டது. அதே நாளில் வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம் ஜூன் தீர்ப்பை உறுதிசெய்தது. ஆனால் உத்தரவு கைக்கு வந்தது டிசம்பர் 20 அன்றுதான். இடைப்பட்ட ஐந்து வாரம் காரும் கிடையாது, பஸ்ஸும் ஏறக் கூடாது. அக்கம்பக்கத்தார் சேர்ந்து போய்வந்தார்கள். நிறையப் பேர் நடந்தார்கள்.

டிசம்பர் 21 காலை கறுப்பர்கள் பஸ்ஸின் முன்பக்கம் உட்கார்ந்தார்கள். ஒரு வாரம்கூடத் தாண்டவில்லை, பஸ்கள் மீது துப்பாக்கிச் சூடு தொடங்கியது. சாயங்காலம் 5 மணிக்கு மேல் பஸ் ஓட்டுவதைச் சில காலம் நிறுத்திவைத்தார்கள்.