மோகனத்துக்குக் கீழே ஜி செவன்த் போடாதீர்கள்

எர்ஹு என்ற சீன வில் வாத்தியத்தையும் எலெக்ட்ரிக் கிட்டாரையும் சேர்த்து நான் போடும் பாட்டுகளைக் கேட்கிறவர்கள் முதலில் கேட்பது, நாகர்கோவிலில் இருந்துகொண்டு சீன இசை எதற்கு என்றுதான். பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் பேச நிறைய இருக்கிறது.

எர்ஹுவுக்கு இரண்டே கம்பி. வில்லின் நார் அந்த இரண்டுக்கும் நடுவில் கோத்திருக்கும், தனியாக வெளியே எடுக்க முடியாது. கம்பிக்கு அடியில் விரல்பலகை கிடையாது, அந்தரத்தில்தான் அழுத்த வேண்டும், அதனால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போவது அதற்குச் சுலபமாக வரும். ஸ்வரத்தை அசைத்தும் இழுத்தும் பாடும் கமகம் கேட்டு வளர்ந்த நமக்கு அது அந்நியமாகவே படாது. சுசீந்திரம் பக்கம் நாகஸ்வரம் வாசிக்கும் பெரியவர் ஒருவருக்கு ஒரு மெட்டைப் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்கக்கூட இல்லை, "மக்களே, இது மோகனமாக்கும்" என்றார்.

உண்மைதான். சீனர்களின் கோங் என்ற ஐந்து ஸ்வர முறையில் இருப்பது மோகன ராகத்தின் அதே ஸ்வரங்கள். ரிஷபத்தை ஆதாரமாக வைத்தால் அவர்களுக்கு ஷாங், நமக்கு மத்யமாவதி. காந்தாரத்தை வைத்தால் அவர்களுக்கு ஜுவே, நமக்கு ஹிந்தோளம். ஆதார ஸ்வரத்தை மாற்றி வேறு ராகம் பிறக்கவைக்கும் நம் கிரக பேதமேதான்! இது புரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

சிக்கல் மேற்கத்திய பக்கத்தில் இருக்கிறது. இந்த ஸ்வரங்களில் மத்யமமும் நிஷாதமும் இல்லை. சி ஸ்ருதியில் மெட்டு போகும்போது பழக்கத்தில் ஜி செவன்த் கார்டு (ஜி, பி, டி, எஃப் நான்கும் சேர்ந்து ஒலிப்பது) போட்டால் எஃப், பி இரண்டும், அதாவது மத்யமமும் நிஷாதமும், உள்ளே நுழைந்துவிடும், மெட்டின் முகமே மாறிவிடும். அதனால் நான் சி சஸ் டூ (ச‑ரி‑ப), ஜி சஸ் ஃபோர் (ப‑ச‑ரி), இல்லாவிட்டால் ச‑ப மட்டும் உள்ள பவர் கார்டு, இவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன். பேஸ் கிட்டார் தம்புரா மாதிரி ஒரே ஸ்வரத்தில் நிற்கும். மிக்ஸிங்கில் கிட்டாரின் 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் குறைத்தால் எர்ஹு மேலே வந்து பாடும்.

சீனாவில் இது புதிதும் இல்லை. சீன ராக் பாடகர் சுய் ஜியான் 1980‑களிலேயே ராக் இசைக்குள் சுவோனாவைக் கொண்டுவந்தவர். சுவோனா நம் நாகஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதும் வாத்தியம், கேட்டுப் பாருங்கள்.

எர்ஹுவின் ஒலிப்பெட்டியில் வழக்கமாக மலைப்பாம்புத் தோல்தான் கட்டுவார்கள். என்னுடையது செயற்கைத் தோல். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்து ஈரப்பதத்துக்கு இதுதான் தாங்கும். அடுத்த பாட்டில் ட்ரம் மெஷினை எடுத்துவிட்டு வில்லுப்பாட்டுக் குடத்தை வைக்கிறேன், பதிவு நடந்துகொண்டிருக்கிறது.