பாட்டரி டவுனில் உண்ணிச்செடி

பெங்களூரு கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால் சற்று நேரத்தில் பாட்டரி டவுன். பென்சன் டவுனை ஒட்டிய குயவர் தெரு. பல வீடுகளில் தமிழ்தான். பிள்ளையார் சதுர்த்திக்கு இன்னும் நாள் இருந்தது. வாசல்தோறும் பச்சை மண் பிள்ளையார்கள் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

கூட்டிப் போனவள் என் அக்கா. கே.ஆர்.புரம் பக்கம் சின்னதாகப் பீங்கான் பட்டறை வைத்திருக்கிறாள். ஏரியிலிருந்து வாரிக் கரையில் போட்ட ஆகாயத்தாமரை, வேலியோரம் வெட்டிய உண்ணிச்செடி, இரண்டையும் உலர்த்தி எரிப்பாள். சாம்பலைச் சலித்து, களிமண்ணும் குவார்ட்ஸ் மாவும் சேர்த்துக் கரைத்துக் கிண்ணங்களில் பூசுவாள். சூளை 1,200 டிகிரியைத் தாண்டும்போது சாம்பலில் உள்ள சுண்ணாம்பும் பொட்டாசியமும் அந்தக் கல்மாவை உருக்கிக் கண்ணாடியாக்கிவிடும். அவள் காட்டிய கிண்ணத்தில், ஈரமண்ணில் அழுத்திய உண்ணி இலை நரம்பு நரம்பாகப் பதிந்திருந்தது. அந்தக் குழிகளில் பூச்சு தேங்கிப் பாசிநிறமாக நின்றது. விரலை எடுக்க மனசு வரவில்லை.

இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். உண்ணியை வெள்ளைக்காரர்கள் 1800களின் தொடக்கத்தில் அழகுக்காகக் கொண்டுவந்தார்கள். இன்று பந்திப்பூர் காட்டில் புல் முளைக்க இடம் விடாமல் மண்டிக் கிடக்கிறது. அதை வெட்டத்தான் வேண்டும், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ‘வந்தேறிச் செடி’ என்று படிக்கும்போதெல்லாம் உறுத்தும். அதே சொல்லை மனிதர்கள் மேலும் எறிகிறோமே. செடிகளிடம் நம் மொழி எவ்வளவு தாராளமாக இருந்திருக்கிறது! அமேசான் பக்கத்துச் செடியைத் தாமரை என்றோம். மிளகுக்கு உறவே இல்லாத காயை மிளகாய் என்றோம். சீமைக்கருவேலம் மாதிரிச் சிலதுதான் இன்னும் சீமையைச் சுமக்கின்றன.

சக்கரத்தை நிறுத்தாமலே ஒரு பாட்டி, “எந்த ஊரு தம்பி?” என்றார். மதுரை என்றேன். அவருடைய தாத்தா வேலூர்ப் பக்கமிருந்து வந்தவராம்.

“நான் பொறந்தது இந்தச் சந்துலதான். ஆனா வெளிய போய் வாயைத் திறந்தா, என்னையும் எந்த ஊருன்னுதான் கேக்கறாங்க.” கோபமே இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் பதில் வரவில்லை.

அக்கா கிண்ணத்தை நீட்டினாள். பாட்டி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி, விளிம்பைச் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார்.

“நல்லா வெந்திருக்கு. என்ன சாம்பல்?”

“உண்ணிச்செடி, பாட்டி.”

“அதுலயா!” மறுபடியும் சுண்டினார். அப்புறம் பேரனைக் கூப்பிட்டுக் கிண்ணம் நிறையத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். “பத்து நிமிஷம் இருங்க. அடியில கசியுதான்னு பாத்துடலாம்.”

திண்ணையில் உட்கார்ந்தோம்.