வழிச்செலவுப் பை

"அண்ணே, வழிச்செலவுல இருந்து கொஞ்சம் கொடுங்க. ஷெட்டுக்குப் போனதும் அட்வான்ஸ் வாங்கி வச்சிடறேன்." மாற்று டிரைவராக வந்த தம்பி கேட்டது இவ்வளவுதான். நான் சொன்னது அதைவிடக் குறைவு. "அது நம்ம காசு இல்லப்பா."

பண்டிகைக்கு 4 நாள்தான் இருந்தது. கிடங்கு வாசலில் லோடு இறக்க லாரியோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

சொன்னது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். டீசலுக்கும் டோலுக்கும் ஓனர் கொடுத்த பணத்தை ரசீதுகளோடு துணிப் பையில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, சீட்டுக்குப் பின்னால் வைத்திருப்பேன். சொந்தக் காசு சட்டைப் பையில். இரண்டையும் கலந்ததே இல்லை. நடுவழியில் டயர் வெடிக்கும்போது அந்தப் பையில் பணம் இல்லையென்றால் வண்டி அங்கேயே கிடக்கும். அப்புறம் யாரைக் குறை சொல்வது?

அவன் ஊதாரி இல்லை. அந்தச் சீசனில் 6 டிரிப் ஓடும் என்று நம்பியிருந்தான். ஓடியது 4. இந்தத் தப்புக் கணக்கைப் போடாத டிரைவரை நான் பார்த்ததில்லை. பண்டிகைக்கு முன்னால் லோடு குவியும், உண்மைதான். ஆனால் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் இறக்கும் இடத்தில் வரிசையும் நீளும். வண்டி ஓடினால்தான் பேட்டா. நிற்கிற 2 நாளுக்குக் கிடைப்பது சொற்பம், சாப்பாட்டுச் செலவோ ஓடும் நாளைவிட அதிகம். பண்டிகை முடிந்ததும் லோடு சட்டென்று வற்றிவிடும். வாரக்கணக்கில் ஷெட்டில் வண்டி நிற்கும். வாங்கிய அட்வான்ஸைப் பிடிப்பதும் அப்போதுதான். அதனால் சீசனில் வருகிற பணத்தை ஒரு மாதத்துச் சம்பளமாக எண்ணவே கூடாது, அடுத்த மாதத்துப் பட்டினிக்கும் சேர்த்து வந்த பணம் அது.

இதையெல்லாம் நான் அவனிடம் சொல்லியிருக்கலாம். 2 வாரத்துக்கு முன்னால், நான் ஓட்டிக்கொண்டிருந்தபோது, அவன் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் பேசினான். "எது பிடிக்குதோ வாங்கு, காசு வந்துடும்" என்றான். என் காதில் விழுந்தது. வரப்போவது என்ன என்று எனக்குத் தெரியும். அவன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை, ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். பல மாதம் வீட்டைப் பார்க்காதவன் பிள்ளைகளிடம் இல்லை என்று எப்படிச் சொல்வான்? நானும் அப்படி வாக்குக் கொடுத்தவன்தான்.

வரிசையிலும் ஷெட்டுக்குத் திரும்பும் வழியிலும் அவனுக்குச் சரியான தூக்கமில்லை. ஷெட்டில் இறங்கிய அன்றிரவே, அதிக பேட்டா என்று யாரோ சொன்னதும் வேறு வண்டியில் ஏறிவிட்டான். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரைப் போல உடம்பு தடுமாறும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டிருக்கிறேன். அவன் அதற்கு மேலேயே விழித்திருந்தான். பண்டிகை அன்று காலை அவன் வீடு வந்து சேர்ந்ததாகத் தகவல் வரும்வரை எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

என்னை உறுத்துவது வழிச்செலவுப் பை இல்லை. அவன் கேட்டபோது என் சட்டைப் பையில் பணம் இருந்தது. "அது நம்ம காசு இல்ல" என்பது உண்மையான பதில். அந்தப் பதிலைச் சொன்னதால் என் காசைப் பற்றி நான் பேச வேண்டியிருக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. அது வண்டி நிற்கும் வாரங்களுக்காக எடுத்து வைத்தது, அதைத் தொட்டிருந்தால் என் வீடு கஷ்டப்பட்டிருக்கும். இதைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வேன். பாதியையாவது கொடுத்திருக்கலாமே என்று அடுத்த நிமிடமே தோன்றும்.

இந்தச் சீசன் தொடக்கத்தில் ஷெட்டில் அவனைப் பார்த்தேன். "எத்தனை டிரிப் ஓடும்ணே?" என்றான்.

"நாலுன்னு வச்சுக்கோ."

"ஆறு ஓடும்ணே, இந்தத் தடவை லோடு நிறைய" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு கேபினில் ஏறினான். கதவு சாத்தும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.