நின்னுடும்க்கா

அந்தக் கூட்டத்தில் நான் சொன்ன பதில் ஒரே வார்த்தைதான். பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் அது மனதை விட்டுப் போகவில்லை.

2010 டிசம்பர். எங்கள் மாவட்ட பாசிட்டிவ் நெட்வொர்க்கின், அதாவது எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் சங்கத்தின், மாதாந்திரக் கூட்டம். முப்பது பேருக்குக் கொஞ்சம் மேல் வந்திருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தோடு இந்தியா பேசிக்கொண்டிருந்த தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தைப் பற்றி நான் விளக்க வேண்டும். சென்னையில் நடந்த இரண்டு நாள் பயிற்சியில் கொடுத்த ஜெராக்ஸ் கட்டு கையில் இருந்தது. எங்கிருந்தோ கசிந்த வரைவின் சில பக்கங்கள். பாதி வரிகள் அடைப்புக்குறிக்குள். எது யாருடைய கோரிக்கை, எது ஒத்துக்கொண்டது, எது பழசு என்று பயிற்சி கொடுத்தவர்களுக்கே உறுதியாகத் தெரியவில்லை.

அந்த வரைவில் இருந்த டேட்டா எக்ஸ்க்ளூசிவிட்டியைத்தான், அதாவது சோதனை விவரங்களுக்கான தனியுரிமையைத்தான், விளக்கிக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு மருந்தைக் கொண்டுவரும் கம்பெனி மனிதர்களிடம் சோதித்து விவரங்களை அரசிடம் கொடுக்கிறது. அதே மருந்தை அப்புறம் விலை குறைவாகச் செய்ய வரும் கம்பெனி, தன் மருந்தும் அதேதான் என்று காட்டினால் போதும். பழைய சோதனை விவரத்தை நம்பி அனுமதி கொடுத்துவிடுவார்கள். அப்படி நம்பக் கூடாது, இத்தனை வருடம் காத்திரு என்று சட்டம் வந்தால், காப்புரிமை இல்லாத மருந்துக்குக்கூட மலிவுப் பதிப்பு தள்ளிப்போகும். இதைத்தான் சொன்னேன். ஒருவர் கொட்டாவி விட்டார். இரண்டு பேர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தார்கள்.

முன்வரிசையில் இருந்த அக்கா கையை உயர்த்தினார். "தம்பி, இதெல்லாம் எனக்குப் புரியல. இந்த ஒப்பந்தம் வந்தா எங்க மாத்திரை நிக்குமா, நிக்காதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"நின்னுடும்க்கா" என்றேன்.

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். கூட்டம் முடியும்போது, ஒப்பந்தத்தை எதிர்த்து டெல்லியில் நடக்கவிருந்த ஊர்வலத்துக்குப் போக பதினொரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அந்த அக்கா பெயர்தான் முதல் பெயர்.

பொய் சொன்னேனா? இந்தக் கேள்வியை எத்தனையோ முறை எனக்கு நானே போட்டுப் பார்த்துவிட்டேன். ஏழை நாடுகளுக்காக நன்கொடைப் பணத்தில் வாங்கிய எச்.ஐ.வி. மருந்துகளில் 80 சதவீதத்துக்கும் மேல் இந்தியக் கம்பெனிகள் செய்தவை. 2001-ல் ஓர் இந்தியக் கம்பெனி ஒருவருக்கு வருடத்துக்கு 350 டாலருக்குக் கூட்டு மருந்து தருகிறேன் என்று சொன்ன பிறகுதான், 10,000 டாலருக்கு மேல் இருந்த விலை சரிந்தது. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதும் அந்த மலிவு மருந்தை வைத்துத்தான். இந்த வழியை அடைக்கும் ஒரு ஒப்பந்தத்தைப் பார்த்து 'நின்றுவிடும்' என்று பயப்படுவது அதீதம் இல்லை.

ஆனால் அக்கா கேட்டது எங்க மாத்திரை. அவர் அன்று காலையில் விழுங்கிவிட்டு வந்த மாத்திரை. அதைப் பல வருடமாகப் பல கம்பெனிகள் அனுமதி வாங்கிச் செய்துகொண்டிருந்தன. ஆபத்து இனி வரப்போகும் மருந்துகளுக்கு. தொடக்கத்தில் கொடுக்கும் முதல் வரிசை மருந்து கேட்காமல் போனவர்களுக்கு அடுத்தடுத்து தேவைப்படும் மருந்துகளுக்கு. இந்த வித்தியாசம் எனக்கு அன்றைக்கே தெரியும். பயிற்சியின் இரண்டாம் நாள் மதியம் அதைத்தான் பேசினார்கள், நான் குறிப்பும் எடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி கடைசியில் கிளம்பினோம். சென்னையிலிருந்து இரண்டு ராத்திரிப் பயணம். மறுநாள் இரவு எட்டு மணிக்குப் பெட்டி முழுக்கச் செல்போன் அலாரம் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தது. மாத்திரை நேரம். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அக்கா பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். கடுகு போட்டு வைக்கிற அளவு. உள்ளே மாத்திரைகள்.

"இது என்னக்கா இவ்வளவு?"

"நீங்க அன்னைக்குச் சொன்னதுலேருந்து, சில நாள் காலை மாத்திரையை எடுத்து வச்சிடுறேன் தம்பி. நின்னுட்டா கொஞ்ச நாளாவது ஓடும்ல."

எண்ணிப் பார்த்தேன். 31. மாதம் 60 மாத்திரையில் மூன்றுக்கு மேல் விட்டாலே, மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. சென்டரில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் திட்டுவார். சென்டரில் மீதி மாத்திரையை எண்ணிப் பார்ப்பார்கள்தான், ஆனால் இந்த டப்பா வீட்டிலேயே இருந்திருக்கிறது. வேளை தவறினால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். அப்புறம் இரண்டாம் வரிசை மருந்துக்குப் போக வேண்டும். அதை 2008-ல்தான் தாம்பரத்தில் அரசு தொடங்கியிருந்தது. எந்த மருந்துகளின் விலைக்காக டெல்லிக்குப் போய்க்கொண்டிருந்தோமோ, அந்த மருந்துகளிடம்தான் அக்காவை என் வார்த்தை தள்ளிக்கொண்டிருந்தது.

"இனிமே ஒரு வேளையும் விடாதீங்கக்கா. வேளைக்குப் போட்டாத்தான் மருந்து கேட்கும்."

"அப்ப நிக்காதா?"

எதிர் சீட்டில் நான்கு பேர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேல் பெர்த்தில் சுருட்டி வைத்த பேனர். "ஊருக்குப் போய்ப் பேசலாம்க்கா" என்றேன்.

கூட்டத்தில் சொன்ன வார்த்தையைவிட, ரயிலில் சொல்லாமல் விட்டதுதான் இப்போது அதிகமாக உறுத்துகிறது. 2011 மார்ச் 2 அன்று ஆயிரக்கணக்கானோர் நடந்த ஊர்வலத்தில் அக்கா எங்கள் பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வெயில். நான் பின்னால் தண்ணீர் பாட்டில்களோடு நடந்தேன்.

ஊர் திரும்பியதும் ஏ.ஆர்.டி. சென்டர் கவுன்சிலரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார். என்னிடம், "நீங்க கூட்டம் போடுங்க சார், மாத்திரையைப் பத்தி மட்டும் நாங்க பேசிக்கிறோம்" என்றார். நோய் எதிர்ப்பு அணுக்களை எண்ணும் அடுத்த சிடி4 பரிசோதனையில் எண்ணிக்கை குறைந்திருந்தது. அதற்கு வேறு காரணமும் இருக்கலாம், பார்ப்போம் என்றார் டாக்டர். அந்த வருடக் கடைசியில் அக்கா திருப்பூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒப்பந்த வரைவை மக்கள் முன்னால் வைத்திருந்தால் எந்தப் பிரிவு எந்த மருந்தைத் தொடும் என்று விரலை வைத்துக் காட்டியிருப்பேன். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டவர்களுக்கு, பேச்சுவார்த்தை நடக்கிறது, தர முடியாது என்று பதில் வந்தது. கையெழுத்தான பிறகும் அதற்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயம் இல்லை, அமைச்சரவை முடிவு போதும். ஐரோப்பாவிலோ, தொழில் சங்கங்களுக்கு முழுதாகக் காட்டிய ஆவணங்களை ஒரு கண்காணிப்பு அமைப்புக்கு வெட்டித்தான் கொடுத்தார்கள். அவர்கள் வழக்குப் போட்டு 2013-ல் தோற்றார்கள், 2015-ல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். கம்பெனிகளுக்குத் தெரியலாம், மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தெரியக் கூடாது என்றால், அந்த இருட்டில் நிற்பவன் பயத்தைத்தானே பேசுவான்?

இதை எழுதும்போது சரியாகத்தான் படுகிறது. டப்பாவை நினைத்தால் படவில்லை. ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதைத்தான் மறைத்தார்கள். அக்காவின் மாத்திரை எது என்பதை யாரும் என்னிடம் மறைக்கவில்லை.

டேட்டா எக்ஸ்க்ளூசிவிட்டியை ஏற்க மாட்டோம் என்று இந்திய அரசு பிறகு சொன்னது. 2013-ல் பேச்சே நின்றது. கார், மது என்று அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அன்று தெருவில் நடந்தவர்களுக்கு அதில் பங்கே இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பதினொரு பேர் என் ஒரு வார்த்தையால் வந்தவர்கள் என்பதையும் மறக்க முடியவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? மூன்று பேர்? அக்கா வந்திருப்பாரா?

2022 ஜூனில் பேச்சை மறுபடி தொடங்கினார்கள். இந்த முறை ஐரோப்பிய ஆணையம் தன் பக்கத்து வரைவுகளை வெளியிட்டது. நம் பக்கத்திலிருந்து எதுவும் வரவில்லை. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு நோட்டீஸ் எழுதிக்கொண்டு வந்தார். 'மலிவு மருந்து கிடைக்காமல் போகலாம்' என்று இருந்தது. நான் பேனாவை எடுத்து 'போகலாம்' என்பதை அடித்து 'போகும்' என்று எழுதினேன். கை தானாகச் செய்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்: 'இப்போது சாப்பிடும் மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள். அதற்கு ஒன்றும் ஆகாது.'

அவர் வாங்கிப் படித்தார். "ஒண்ணும் ஆகாதுன்னு நாமளே போட்டா, அப்புறம் யார் சார் வருவாங்க?"

அச்சகத்திலிருந்து ஆள் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்.